ஊரிலை எவடம் என்ற கேள்வி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரப் பயிற்சியிலேயே அந்தப் படத்தை உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். ஒரு வேலி, அதன் இந்தப் பக்கம் உயரம் வேறுபட்ட மூன்று பேர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க அவர்கள் காலுக்குக் கீழே பெட்டிகள். எல்லோருக்கும் ஒரே பெட்டி கொடுத்தால் சமத்துவம், கட்டையானவனுக்குக் கூடுதலாக ஒன்று கொடுத்தால் சமநீதி. நல்ல படம்தான். பெட்டி தூக்கி வைக்கிற ஆளை மட்டும் அதில் கீறாமல் விட்டுவிட்டார்கள். யாருக்கு எந்தப் பெட்டி என்பதை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மனேஜர் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கும்போது முடிவு செய்யவேண்டியது அந்த ஆள்தான். நான் அந்த வேலையைப் பல வருடம் பார்த்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன் என்று பெயர், ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. இதை எழுதத் தொடங்கிய பிறகு எத்தனையோ தரம் எழும்பிப்போய்க் கேத்திலைப் போட்டாயிற்று.

வேலை விண்ணப்பம் எழுதப் பழக்குவது, நேர்முகத்துக்கு ஆளைத் தயார் செய்வது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவனைக் குணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வேலைப்பயிற்சி நிலையம் லண்டன் கிங்ஸ்பரியில், மூடிப்போன ஒரு கார்ப்பெட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. காசு உள்ளூராட்சிக் கவுன்சிலுடையது, நடத்தியது நாங்கள். வேலையில்லாமல் நீண்டகாலமாகப் பெனிபிட்டில், அதாவது அரசாங்க உதவிப்பணத்தில், இருப்பவர்கள் எங்களிடம் வந்தே ஆகவேண்டும். ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு வேலையிடத்தில் சில மாதம் பழக விடுவோம். பிடித்துப்போனால் முதலாளி அப்படியே வேலைக்கு எடுப்பார். தகுந்த காரணம் சொல்லாமல் மூன்று இடத்தை ஒருவர் மறுத்தால் நாங்கள் பெனிபிட் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டும். அறிக்கை போனால் காசு நின்றுவிடும். இந்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் எங்கள் மனேஜருக்குப் பெரிய பெருமை.

மனேஜர் ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிட மூத்தவர், சிரிப்பு அபூர்வம், உயரமான ஆள். அவர் அறைக்குள் போனால் நான் நின்றுகொண்டுதான் கதைப்பேன். இருக்கச் சொன்னாலும் எனக்குக் கால் மடங்காது.

வாசல் மேசையில் மாஸ்டர் இருப்பார். ஊரில் பள்ளிக்கூடம் படிப்பித்து ஓய்வு பெற்று, மகனோடு இருக்க லண்டன் வந்தவர். வீட்டில் பொழுது போகாமல் எங்களிடம் சம்பளமில்லாத தொண்டராக வந்து சேர்ந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வரும் தமிழ் ஆட்களை முதலில் பார்ப்பவர் அவர்தான். பிளாஸ்கிலிருந்து அவர்களுக்குத் தன் தேத்தண்ணியையே ஊற்றிக் கொடுப்பார். கொடுத்துக்கொண்டே கேட்பார்:

“தம்பி ஊரிலை எவடம்?”

ஊரில் எந்த இடம் என்று பதில் வந்ததும் அடுத்தது. “அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ? ஆற்றை மகன்?” யாருடைய மகன் என்பதில்தான் போய் முடியும்.

குளிருக்குள் வந்து, வாயில் நுழையாத தெருப் பெயர்களோடு மல்லுக்கட்டி, ஒரு மாடி ஏறி வந்தால் அங்கே ஒரு மனிதர் உங்கள் ஊர்க் கோயிலை அறிந்தவராக இருப்பது சின்ன விஷயமா? சிலர் கண்கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் நானும் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொல்வேன். என்னுடைய ஊர், என்னுடைய தெரு, என்னுடைய தகப்பன் பெயர் எல்லாம் சத்தமாகச் சொல்லக்கூடியவை.

தமிழ் ஆட்களைத் தமிழ் முதலாளிகளிடம் பழக அனுப்புவது என்பது என் யோசனை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறவர்கள் தங்கள் மொழியிலேயே வேலை பழகட்டுமே என்று நினைத்தேன். சவுத்தாலில் ஒரு பலசரக்குக் கடை, செவன் கிங்ஸ் பக்கம் ஒரு மொத்த வியாபாரம், கலியாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒருவர் என்று நானே அலைந்து பிடித்தேன். கவுன்சில் ஆட்கள் வந்து பார்த்து, சமூகத்தின் தேவையறிந்த திட்டம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அன்று மாஸ்டர் எல்லோருக்கும் வடை கொண்டுவந்தார்.

இந்த நிலைமையில்தான் குணம் வந்தான். முப்பது வயது இருக்கும். மனைவியும் கைக்குழந்தையும். அகதியாக வந்து தங்க அனுமதி கிடைத்தவன். ஊரில் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்தியவன். கையைப் பார்த்தாலே தெரியும். சவுத்தால் கடைக்கு அனுப்பினேன். ஒரு நாள் போனான், மறுநாள் போகவில்லை. மொத்த வியாபாரத்துக்கு அனுப்பினேன். அங்கே போகவே இல்லை. மூன்றாவதாகச் சமையல்காரரிடம் போகச் சொன்னேன்.

“ஏலாது அக்கா” என்றான்.

“ஏன் ஏலாது?”

“சும்மாதான். வேறை இடம் இருந்தாத் தாங்கோ. கக்கூஸ் கழுவுற வேலையெண்டாலும் செய்யிறன்.”

“உங்களுக்கு இது மூண்டாவது இடம். விளங்குதோ? பெனிபிட் நிண்டுபோம்.”

“விளங்குது” என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. நாயாய் அலைந்து இடம் பிடித்தவள் நான். மாஸ்டர் வாசலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: “பெடியன் பஞ்சி பிடிச்ச சோம்பேறி, பிள்ளை. சும்மா வாற காசிலை ருசி கண்டிட்டான்.” மனேஜர் வெள்ளிக்கிழமை தபாலில் அறிக்கை போகவேண்டும் என்றார். சரி, போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வியாழக்கிழமை அவனைக் கடைசியாக ஒருமுறை வரச் சொல்லியிருந்தேன். குறித்த நேரம் தாண்டியும் ஆளைக் காணவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளாதே, எழும்பி ஜன்னலடிக்குப் போனேன். கீழே தெருவில் நிற்கிறான். மழை தூறுகிறது. மேலே பார்க்கிறான், நிற்கிறான், மறுபடி பார்க்கிறான். சற்று நேரத்தில் மாஸ்டர் பிளாஸ்கைக் கழுவ எழும்பிப் பின்பக்கம் போனார். மாஸ்டரின் கதிரை தெருவிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் தெரியும். அது வெறுமையானதும் குணம் படியேறத் தொடங்கினான். பாதிப் படி வந்திருப்பான், மாஸ்டர் திரும்பி வந்து, அப்போதுதான் ஏறிவந்த இன்னொரு பெடியனிடம் “தம்பி ஊரிலை எவடம்?” என்று கேட்டார். குணம் அப்படியே திரும்பி இறங்கித் தெருவில் நடப்பது ஜன்னலில் தெரிந்தது.

நான் கோட்டும் இல்லாமல் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன்.

“மாஸ்டரோடை ஏதும் பிரச்சினையோ?”

“அவர் நல்ல மனிசன் அக்கா.”

“பிறகேன் அவரைக் கண்டால் ஓடுறீங்கள்?”

பஸ் ஒன்று வந்தது. அவன் ஏறவில்லை. அது போன பிறகுதான் வாய் திறந்தான்.

“முதல் நாள் இஞ்சை வரேக்கை என்ரை ஊரைக் கேட்டவர். சொன்னன். எந்தப் பக்கம் எண்டு கேட்டவர். நான் பொய் சொல்லிப் போட்டன். கோயிலடி எண்டு சொன்னன். இனி ஆற்றை மகன் எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களில் ஒருவரின் ஊரும் தெருவும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சாதி என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவ்வளவு மரியாதை கெட்டவர்களா நாங்கள்? ஊரை மட்டும்தான் கேட்போம்.

“சவுத்தால் கடையிலை என்ன நடந்தது?”

“முதலாளி எங்கடை ஊருக்கு அடுத்த ஊர். அவருக்குப் பொய் சொல்ல ஏலாது. காலமை கேட்டவர். மத்தியானம் தேத்தண்ணி வந்தது. எல்லாருக்கும் கப்பிலை. எனக்கு மட்டும் பேப்பர் கப்பிலை. குடிச்சு முடிய, அதைக் கொண்டுபோய் வெளியிலை போடு தம்பி எண்டவர். ஒண்டும் ஏசேல்லை அக்கா. ஒரு கெட்ட சொல்லும் சொல்லேல்லை. அன்பாத்தான் சொன்னவர்.”

மழையில் நின்றுகொண்டு எனக்கு முகம் எரிந்தது. அந்தக் கடையில் நான் எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பேன். நல்ல பீங்கான் கப்பில், கையில் பலகாரத்தோடு.

“மனேஜரிட்டைச் சொல்லுறன். இது தகுந்த காரணம். ஒருத்தரும் உங்கடை காசிலை கை வைக்க ஏலாது.”

அவன் பதறிப்போனான். “ஐயோ வேண்டாம். நாங்கள் இருக்கிற அறை மாஸ்டரின்ரை மருமகனின்ரை வீட்டிலை. கோயிலடிப் பெடியன் எண்டு நம்பித்தான் தந்தவை. மனிசி அவையின்ரை குசினியிலைதான் சமைக்கிறவள். கதை வெளியிலை வந்தால் அறையை விட்டு எழும்பச் சொல்லுவினம். பச்சைப் பிள்ளையோடை எங்கை போறது? ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. காரணத்தைச் சொன்னால் பெனிபிட் தப்பும், அறை போகும். சொல்லாவிட்டால் அறை தப்பும், வாடகை கட்டக் காசு இருக்காது. அன்று வீட்டில் நான் சமைத்ததைப் பற்றிக் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. உப்பே போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனேஜரின் அறைக்குப் போனேன். அறிக்கை மேசையில் இருந்தது. என் கையெழுத்துக்குப் பிறகு அவருடையது. நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்ததைத் தமிழில் தருகிறேன்.

“நான் இதில் கையெழுத்துப் போடமாட்டேன். அவனுக்கு வேறு இடம் தரவேண்டும், தமிழர் அல்லாத ஒருவரிடம்.”

“காரணம்?”

“இருக்கிறது. சொல்ல முடியாது.”

“போன மாதம் ஒரு சோமாலியப் பெண் மூன்றாவது இடத்தை மறுத்தாள். அவளுக்கும் காரணம் இருந்திருக்கும். அறிக்கை அனுப்பினோம். இவனுக்கு மட்டும் ஏன்? உன் ஆள் என்பதாலா?”

அவன் என் ஆள் இல்லை என்பதுதான் முழுப் பிரச்சினையும். அதை அவருக்கு எப்படிச் சொல்வேன்?

அவர் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். “என் அப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தினமும் வேலை அலுவலகத்துக்குப் போவார். இன்றைக்கு ஒன்றுமில்லை என்பார்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவனுக்கு ஏதாவது இருக்கும். அங்கே விதி இருக்கவில்லை, ஆள் பார்த்துத்தான் எல்லாம். நான் மனேஜரானதும் செய்த முதல் வேலை, எல்லோருக்கும் ஒரே விதி. நீ இப்போது கேட்பது அதற்குள் ஒரு பின்கதவு.”

இதைக் கேட்டு நான் கொஞ்சம் ஆடிப்போனேன். அவர் சொன்னது சரி. இளையவர்களே, சமத்துவத்தைக் கிண்டல் செய்வது இப்போது சுலபம். அது இல்லாத காலத்தில் அடிபட்டவர்கள்தான் அதைக் கட்டினார்கள்.

ஆனால் எனக்கு அந்த மழையில் நின்ற முகம் கண்ணுக்குள் நின்றது. “உங்கள் அப்பாவுக்கு ஒரு வேலை இருந்திருந்தால்,” என்றேன், “அதே விதிப்படி அவரை அனுப்பியிருந்தால், போன இடத்தில் அவரை எப்படி நடத்தினார்கள் என்று யாராவது கேட்டிருப்பார்களா?”

அவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார்.

“அந்தக் கடைகளில் ஏதோ இருக்கிறது.”

“நான் ஒன்றும் சொல்லவில்லை.”

“நீ சொல்லவில்லை,” என்று ஒப்புக்கொண்டார். அறிக்கையை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். “திங்கள் காலை அவன் எங்காவது வேலையில் நிற்கவேண்டும். நின்றால், அவன் மறுக்கவில்லை, நாங்கள் இடம் மாற்றினோம். நிற்காவிட்டால் நீ இல்லாமலே கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அந்தச் சோமாலியப் பெண்ணையும் திங்களே கூப்பிடு. அவளிடம் நாங்கள் சரியாகக் கேட்டோமா என்று எனக்குத் தெரியவில்லை.”

சனிக்கிழமை முழுக்க நான் நடந்தேன். வெம்ப்ளி, பார்க் றோயல், ஹார்ல்ஸ்டன். திறந்திருந்த கராஜ், பட்டறை, இரும்புக் கடை எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்தேன். கழுத்தில் நிலையத்தின் அட்டை, காலில் பொருத்தமில்லாத சப்பாத்து. சீலை கட்டிய ஒருத்தி எண்ணெய்த் தரையில் நின்று, மெசின் திருத்தத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார், சம்பளம் தரத் தேவையில்லை, பழக விடுங்கள் என்றால் யார் நம்புவார்கள்? சிலர் சிரித்தார்கள். ஒருவர் என்னைச் சமயம் பரப்ப வந்தவள் என்று நினைத்துவிட்டார். கடை பூட்டுகிற நேரத்தில் ஓர் ஐரிஷ்காரரின் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கட்டட வேலைக்காரருக்கு மெசின் வாடகைக்கு விடுகிற இடம். மூலையில் பழுதான தண்ணீர் இறைக்கும் மெசின்கள் குவிந்து கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திங்கள் ஏழரைக்கு வரச் சொல்லு, வேலை தெரியாவிட்டால் எட்டு மணிக்குத் திருப்பி அனுப்புவேன் என்றார்.

திங்கள் எட்டு மணிக்கு நான் தொலைபேசியை அடித்தேன். ஆள் மெசினுக்குள் தலையை விட்டிருக்கிறான், இப்போது கூப்பிட முடியாது என்றார்கள்.

அந்தக் கிழமை முடிவில் குணம் நிலையத்துக்கு வந்தான்.

“அந்த ஐரிஷ்காரனும் முதல் கேட்டவன் அக்கா, எந்த இடம் எண்டு. எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. சிலோன் எண்டன். ஓ எண்டுட்டு ஸ்பானரைத் தந்தான்.”

“தேத்தண்ணி?” என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அது ஒரு ஊத்தை மக். கழுவுறதேயில்லை. எல்லாரும் அதிலைதான் குடிக்கிறாங்கள்.” சிரித்தான். அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். “முதல் நாள் எனக்கு அருவருப்பாத்தான் இருந்தது.”

மாஸ்டரின் கதை மிச்சமிருக்கிறது. குணத்தைக் காட்டிக்கொடுக்காமல் அந்தக் கேள்வியை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. வாசலில் யாரும், எந்த மொழியிலும், வருகிறவரின் பூர்வீகத்தைக் கேட்பதில்லை என்று எல்லா ஊழியருக்கும் பொதுவாக ஒரு விதி போடச் சொன்னேன். மனேஜர் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டார். எனக்கு ஒரு விதிவிலக்கைத் தர மறுத்தவர் ஒரு விதியை உடனே தந்தார்.

மாஸ்டர் நொந்துபோனார். “பிள்ளை, ஊரைக் கேக்காமல் ஒரு தமிழனோடை என்னத்தைக் கதைக்கிறது? மழையைப் பற்றியோ?”

“ஓம் மாஸ்டர், மழையைப் பற்றிக் கதையுங்கோ. இஞ்சை அதுக்கென்ன குறை?”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் மேசையில் உம்மென்று இருந்தார், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய தேத்தண்ணி இல்லாமல் அந்த வாசல் வெறிச்சென்று போனது. எனக்கு அதில் உண்மையான கவலை. ஆனால் முன்பு பெயர் பதிந்துவிட்டு வராமல் போன சிலர் மெல்லத் திரும்பி வந்தார்கள். ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

சவுத்தால் கடையை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஆள் அனுப்புவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். முதலாளி தொலைபேசியில் கேட்டால், இப்போது ஆளில்லை அண்ணை என்பேன். காரணத்தைச் சொல்லி முகத்துக்கு நேரே கேட்டிருக்கவேண்டும் என்று ஒரு பக்கம் மனம் சொல்லும். கேட்டால் அவர் முதலில் யோசிப்பது, யார் சொன்னது என்பதுதான். அங்கே போய் நன்றாக வேலை பழகியிருக்கக்கூடிய வேறு பெடியன்களும் அதனால் ஓர் இடத்தை இழந்தார்கள். இன்றுவரை எனக்கு அதில் அமைதி இல்லை. உங்களில் யாருக்காவது நல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள்.

தமிழர் என்றால் எல்லோருக்கும் ஒரே தேவை என்று நான் போட்ட கணக்கும், ஆள் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி என்று மனேஜர் போட்ட கணக்கும் ஒரே மாதிரியானவைதான். இரண்டிலும் மழையில் நின்ற ஆள் விடுபட்டுப் போனான். உங்கள் முன்னால் வந்து இருக்கிறவர் வாய் திறக்காவிட்டால், அவர் பஞ்சி பிடித்தவர் என்று எழுதுமுன் உங்கள் வாசலில் முதலில் என்ன கேட்கப்படுகிறது என்று போய்க் கேளுங்கள்.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன கிழமை அவனுக்கு அழைத்தேன். அவர் என்று சொல்லவேண்டும், இப்போது அவருக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. இப்படியான திட்டங்களிலிருந்து வரும் ஆட்களைத் தானே பழக்குகிறார்.

“தாராளமா எழுதுங்கோ அக்கா. பேப்பர் கப்பையும் எழுதுங்கோ. பெடியங்களுக்குத் தெரியத்தானே வேணும். ஆனா என்ரை பேரைப் போடாதேங்கோ. ஊரையும் போடாதேங்கோ.”

“இவ்வளவு காலத்துக்குப் பிறகுமோ, தம்பி?”

“மகளுக்குச் சம்பந்தம் பேசிறம். இஞ்சை பிறந்து வளர்ந்த பெடியன், டொக்டர். ரெண்டு பேரும் விரும்பித்தான்.” பின்னால் பட்டறையில் ஏதோ மெசின் ஓடி நின்றது. “நேற்றுத்தான் பெடியன்ரை தாய் தகப்பன் ரெலிபோன் எடுத்தவை. நல்ல சனம் அக்கா. அன்பாத்தான் கதைச்சவை. முதல் அதைத்தான் கேட்டவை.”